கடைசிப் பந்தியில் ஓர் இலை

ராயப்பன்பட்டி
27 ஆகஸ்ட் 2023

இயேசுவுக்குப் புகழ்.

அன்புத் தங்கை இவாஞ்சலினுக்கு அக்கா ஜெசி எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, உன் மாமா ஆல்பர்ட், என் குட்டி மகிமா எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனால் யாராவது அதைப் பற்றிக் கேட்டால் பாதி வலி போய்விடுகிறது. அடுத்த கடிதத்தில் மறக்காமல் கேள்.

கன்னியாஸ்திரி ஆவதற்கு நீ போன் இல்லாத மலைக்குப் போனதில் எனக்கு ஒரு லாபம். பள்ளிக்கூடத்தை விட்டபின் இப்போதுதான் பேனா பிடிக்கிறேன். உங்களுக்கு வரும் கடிதம், நீங்கள் எழுதும் கடிதம் எல்லாவற்றையும் மதர் முதலில் படிப்பார்கள் என்று எழுதியிருந்தாய். நல்லது. மதருக்கும் என் தோத்திரம். என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொல்.

ஆவணி பிறந்ததும் பள்ளத்தாக்கு முழுக்க மேளச் சத்தம். பொன்னுராஜ் அண்ணன் கேட்டரிங்கில் பரிமாறுகிற எங்கள் செட்டுக்கு ஓய்வே இல்லை. விடியும்போது வேன் வரும். ஏறியதும் தூங்கிவிடுவேன். கண்ணைத் திறந்தால் ஒரு கல்யாண மண்டபம். கம்பமா, போடியா, பெரியகுளமா, தெரியாது. வாசலில் வாழைமரம், உள்ளே சாம்பார் வாசம், மைக்கில் யாரோ ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார். பச்சைச் சேலை, மேலே கோட்டு, தலையில் வலைத்தொப்பி. வாளியைத் தூக்கிவிட்டால் கால் தானாக நடக்கும். சில நாள் எனக்குத் தோன்றுகிறது, இதெல்லாம் ஒரே கல்யாணம்தான், இவா. அதே மாப்பிள்ளை, அதே பெண், அதே கூட்டம். ஊரை மட்டும் மாற்றி மாற்றி வைத்து நடத்துகிறார்கள். நானும் அதே வரிசையில் அதே ரசத்தை ஊற்றிக்கொண்டே போகிறேன், வரிசை முடிவதே இல்லை.

பழனிசெட்டிபட்டியிலிருந்து யுவராணி என்று ஒரு பெண் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள். காலேஜ் முடித்தவள். முதல் நாள் வேலை முடிந்ததும், "அக்கா, நம்ம எங்கன உக்காந்து சாப்பிடுறது?" என்று கேட்டாள். எங்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பாத்திரம் கழுவுகிற இடத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனோம். அங்கேதான் நாங்கள் சாப்பிடுவது. கைக்குக் கிடைத்த மூடியில் சோற்றைப் போட்டு, கழுவுகிற தண்ணீர் சேலையில் தெறிக்காமல் ஒதுங்கி நின்றுகொண்டு. அன்றைக்குக் கூட்டு தீர்ந்திருந்தது, ரசமும் ஆறியிருந்தது. அவள் சாப்பிடாமலே வேனில் ஏறினாள். சின்னப் பெண், போகப் போகப் பழகிவிடும்.

மலைக்குளிருக்கு ஸ்வெட்டர் போதுமா? எழுது.

உன் அக்கா
ஜெசி


பயிற்சி இல்லம்
15 செப்டம்பர் 2023

அன்பு அக்காவுக்கு,

ஆண்டவர் உங்கள் எல்லோருக்கும் சமாதானம் தருவாராக. நான் நலம். அப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? இடது காலா வலது காலா, படியேறும்போது எப்படி, உட்கார்ந்து எழும்போது எப்படி என்று நான் விசாரித்ததாகச் சொல். விவரமாகக் கேட்டால் இன்னும் கொஞ்சம் குணமாகலாம்.

இங்கே காலையில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது. கோயிலில் எனக்கு முன்னால் முழந்தாளிட்டிருக்கும் சகோதரியின் முதுகு மட்டும் தெரியும். பேசாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். "வாயைத் திறக்காம நம்ம இவாவா?" என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது.

உன் கடிதத்தில் யுவராணி கேட்டதற்கு எல்லோரும் சிரித்தோம் என்று எழுதியிருந்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை அக்கா. இங்கே ஒரு வழக்கம் உண்டு. சாப்பாட்டு அறையில் நாங்கள் முறை வைத்துப் பரிமாறுவோம். எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் பரிமாறியவர்கள் உட்கார வேண்டும். சாப்பிட்டவர்களில் சிலர் எழுந்து அவர்களுக்குப் பரிமாறுவார்கள். இதற்கு இரண்டாம் மேசை என்று பெயர். வியாழக்கிழமை மதரே பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். முதல் தடவை மதர் என் தட்டில் சோறு போட்டபோது கூச்சத்தில் எழுந்தே நின்றுவிட்டேன். தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள்.

மகிமாவுக்கு முத்தங்கள்.

இவாஞ்சலின்


ராயப்பன்பட்டி
8 அக்டோபர் 2023

இயேசுவுக்குப் புகழ்.

அன்பு இவாவுக்கு, எல்லோரும் சுகம். அப்பா உன் கேள்விகளுக்கு அரைமணி நேரம் பதில் சொன்னார். அதை எழுதினால் தாள் போதாது.

உன் கடிதத்தை வேனில் படித்துக் காட்டினேன். புரட்டாசியில் கல்யாணம் குறைவு, ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். இரண்டாம் மேசை என்ற இடத்துக்கு வந்ததும் யுவராணி தாளைப் பிடுங்கித் திரும்பவும் படித்தாள். "மதரே பரிமாறுறாகளாம்க்கா! இதத்தான் நம்ம கேக்கணும்" என்றாள். அன்றைக்கு வேனிலேயே எங்கள் சங்கம் ஆரம்பித்துவிட்டது. பெயர் இல்லை, கொடி இல்லை, தலைவி மட்டும் இருக்கிறாள். இனி எந்த விசேஷத்திலும் எங்கள் எல்லோருக்கும் இலை போட வேண்டும், உட்கார்ந்து சாப்பிட வேண்டும், சோறு கறி தீர்வதற்கு முன்னால். இது ஒன்றுதான் கோரிக்கை. கம்பம், சின்னமனூர் செட்டுப் பெண்களுக்கும் யுவராணி போனில் சொல்லிவிட்டாள்.

எல்லோரும் கூடிப் போய் பொன்னுராஜ் அண்ணனிடம் கேட்டோம். அவர் கோபப்படவில்லை. "ஏத்தா, உக்காந்தா எந்திரிக்க நேரமாகும். மண்டபத்தக் காலி பண்ணணும்ல? ஆளுக்கு ஒரு பார்சல் கட்டச் சொல்றேன், வீட்டுல போயி நிம்மதியாச் சாப்பிடுங்க" என்றார். எங்கள் செட்டு விஜிக்குக் கண் மலர்ந்துவிட்டது. பார்சல் என்றால் பிள்ளைகளுக்கு ஆகுமே. யுவராணி விடவில்லை. "பார்சலும் குடுங்கண்ணே, எலையும் போடுங்க" என்றாள். உடனே அவர் முகம் மாறிவிட்டது. "இப்பிடிப் பேசுற ஆளுக வீட்டு வாசல்ல வேன் நிக்காது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, இவா. உன் மாமா குமுளியில் ஜீப் ஓட்டுகிறார், சவாரி வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எங்கள் வீடு ஓடுவது அந்த வேன் வாசலில் நிற்பதால்தான். ஆனால் உன் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து, மூடியில் சோற்றைப் போட்டுக்கொண்டு நிற்கும்போது விழுங்க முடியவில்லை. நீ எழுதாமல் இருந்திருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன். உன்னைத் திட்டுவதற்காகவே இதை எழுதுகிறேன்.

அக்கா ஜெசி


பயிற்சி இல்லம்
30 அக்டோபர் 2023

அன்பு அக்காவுக்கு,

ஆண்டவரின் அருள் உன்னோடு இருப்பதாக. நான் நலம். நீ திட்டியதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டேன்.

செபமாலை மாதத்தில் உங்கள் சங்கத்துக்காகத் தினமும் பத்து மணி உருட்டிச் செபிக்கிறேன். மற்ற சகோதரிகளும் சேர்ந்துகொண்டார்கள். எந்த வேண்டுதலுக்காக என்று கேட்டார்கள். கல்யாண வீட்டில் ஓர் இலைக்காக என்றேன். யாருக்கோ கல்யாணம் தள்ளிப்போகிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு இன்னும் உருக்கமாக வேண்டுகிறார்கள். நான் திருத்தவில்லை.

கன்னியாஸ்திரியாக நான் வாக்குக் கொடுக்கும் முதல் வார்த்தைப்பாடு மே மாதம் இருக்கும் என்று சொல்கிறார்கள். அதன்பின் நம் ஊர்க் கோயிலில் நன்றிப் பூசை, விருந்து. அப்பாவிடம் சொல், சந்தோஷப்படுவார்.

இவாஞ்சலின்


ராயப்பன்பட்டி
20 நவம்பர் 2023

இயேசுவுக்குப் புகழ்.

அன்பு இவாவுக்கு, எல்லோரும் சுகம். மே மாதம் என்றதும் அம்மா பட்டுச்சேலையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள். உனக்கு இல்லை, எனக்கு.

உட்கார்ந்தோம், இவா. சின்னமனூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். கடைசிப் பந்தி முடிந்து எல்லோரும் கைகழுவிவிட்டார்கள். பொன்னுராஜ் அண்ணன் வெளியே லாரியில் பாத்திரம் ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் திரும்பி வரும்போது நாங்கள் இலைக்கு முன்னால் இருக்க வேண்டும், கேட்டால் நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று பேசிவைத்திருந்தோம். கூடத்தின் ஓரத்தில் இலைகளை விரித்தோம். யுவராணி எல்லோருக்கும் சோறு போட்டுவிட்டுத் தானும் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து இலைமேல் விழுந்தது. இத்தனை கல்யாணத்தில் இலையை மேலேயிருந்துதான் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்து பார்த்தால் இலை பெரிதாக, ஒரு வயல் மாதிரி இருக்கிறது. யாரோ என்னைத் தண்ணீருக்குள் இறக்கிவிட்டது போலச் சத்தமெல்லாம் தூரமாகப் போய்விட்டது.

அப்போது உசிலம்பட்டியிலிருந்து ஒரு வேன் ஆட்கள் தாமதமாக வந்து சேர்ந்தார்கள். அதில் ஒரு பெரியவர் கூடத்துக்குள் நுழைந்து, "ஆத்தா, நாலு எல போடுங்க, பசி உசுரு போகுது" என்றார்.

நான் எழுந்துவிட்டேன்.

யோசித்து எழவில்லை, இவா. குரல் காதில் விழுந்தது, கால் எழுந்துவிட்டது. நான் எழுந்ததும் விஜி எழுந்தாள். அப்புறம் எல்லோரும். அவர்களுக்குப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் எங்கள் இலைகள் இல்லை. சாப்பிட்டு எழுந்துவிட்டார்கள் என்று நினைத்து, மண்டபத்தைக் கூட்டுகிற அம்மா சோற்றோடு சுருட்டிப் போட்டுவிட்டார்கள். பொன்னுராஜ் அண்ணன் வந்தபோது கூடமே காலி. ஒன்றும் நடக்காத மாதிரி ஆகிவிட்டது.

வேனில் யுவராணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வழி முழுக்கத் திராட்சைப் பந்தல்கள் போய்க்கொண்டே இருந்தன. நான் வெட்கத்தில் அழுதேன்.

விஜி ஒன்று கேட்கச் சொன்னாள். உங்கள் மடத்தில் சமைக்கிற அம்மா உண்டல்லவா, அவர்கள் எந்த மேசையில் உட்காருவார்கள்?

அக்கா ஜெசி


பயிற்சி இல்லம்
24 டிசம்பர் 2023

அன்பு அக்காவுக்கு,

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். அப்பா, அம்மா, மாமா, மகிமா எல்லோருக்கும் என் அன்பு. நான் நலம்.

நீ எழுந்ததற்காக அழாதே. கடுங்குளிர். அதிகம் எழுத முடியவில்லை.

இவாஞ்சலின்


ராயப்பன்பட்டி
12 ஜனவரி 2024

இயேசுவுக்குப் புகழ்.

அன்பு இவாவுக்கு, நாங்கள் சுகம். நீ சுகமா? உன் கடிதம் ஒரு தந்தி மாதிரி இருந்தது. அம்மா அதை மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்து, "புள்ளைக்கி மேலுக்கு முடியலையோ?" என்கிறாள். விஜி கேட்கச் சொன்ன கேள்வி உனக்குச் சங்கடமாகப் போயிற்றோ என்று எனக்கு ஒரு நினைப்பு. அப்படியானால் மன்னித்துக்கொள். மதரும் மன்னிக்கட்டும்.

மார்கழியில் முகூர்த்தம் இல்லை, வீட்டில்தான் இருக்கிறேன். நன்றாகத் தூங்குகிறேன். மேகமலைப் பக்கமிருந்து பனி இறங்கிவந்து ஊரையே மூடிவிடுகிறது, கோயில் கோபுரம் மட்டும் மேலே மிதக்கிறது. அந்தத் தூக்கத்தில் ஒரு கனவு கண்டேன்.

லோயர் கேம்ப்பிலிருந்து ஆண்டிபட்டி வரைக்கும் ரோட்டில் ஒரே பந்தி. பஸ் எல்லாம் ஓரங்கட்டி நிற்கிறது. ஊர் உலகமே உட்கார்ந்திருக்கிறது. நானும் நடுவில், எனக்கு இந்தப் பக்கம் நம் கோயில் பங்குச்சாமியார், அந்தப் பக்கம் யாரோ ஒரு ராணுவ வீரர். பரிமாறுகிறவர் முகம் தெரியவில்லை, சட்டைக் கை மட்டும் தெரிகிறது. சாமியாருக்குப் போட்டார், என்னைத் தாண்டினார், வீரருக்குப் போட்டார். அவ்வளவுதான். வரிசை முழுக்க எல்லோரும் இலையிலிருந்து கையை எடுத்துவிட்டார்கள். கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் சாப்பிடுகிற சத்தம் நின்றுபோனது. அந்த அமைதியில்தான் விழித்தேன்.

பல் விளக்காமல் யுவராணிக்குப் போன் போட்டேன். வெட்கத்தில் அவளிடம் அதுவரை பேசாமல்தான் இருந்தேன். "நம்ம ஒதுங்கி உக்காந்ததுதான் தப்பு. சனங்களுக்கு நடுவுல உக்காரணும். வரிசையில ஒரு எலையத் தாண்டிப் போக எவனுக்குத் துணிச்சல் வரும்? பந்தி வஞ்சனைன்னு ஊரே காறித் துப்பும்ல?" என்றேன். அவள், "சரிக்கா. ஆனா யாராச்சும் கூப்பிட்டா எந்திரிக்காம இருப்பீகளா?" என்றாள்.

நீ எழுது. நாலு வரியாவது எழுது.

அக்கா ஜெசி


பயிற்சி இல்லம்
20 பிப்ரவரி 2024

அன்பு அக்காவுக்கு,

ஆண்டவரின் சமாதானம் உண்டாவதாக. தாமதத்துக்கு மன்னிப்பாயாக. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று அம்மாவிடம் சொல்.

விஜியின் கேள்விக்கு இத்தனை நாள் கழித்துப் பதில். இங்கே சமைப்பவர் ஜக்கம்மா அக்கா. நம் மாவட்டம்தான், மயிலாடும்பாறை. அடுப்படியில் ஒரு பலகை போட்டு, எல்லோரும் சாப்பிட்ட பிறகு தனியாகச் சாப்பிடுவார். உன் கடிதம் வரும்வரை நான் அதைக் கவனிக்கவில்லை. அவர் சமைத்ததைத் தினமும் சாப்பிட்டேன், இரண்டாம் மேசையைப் பற்றி உனக்குப் பெருமையாக எழுதினேன், அவர் எங்கே உட்காருகிறார் என்று பார்க்கவில்லை.

இப்போது என் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் அவர் பக்கத்தில் உட்காருகிறேன். முதலில் அவருக்குப் பிடிக்கவில்லை. "போங்க சிஸ்டரு, வையப் போறாக" என்றார். நான் போகவில்லை. இப்போது பழகிவிட்டார். அவர் ஊர் ஆற்றைப் பற்றிச் சொல்கிறார். அடுப்பு வெளிச்சத்தில் கேட்டுக்கொண்டிருந்தால் நானும் அந்த மணலில் நடக்கிறேன்.

அக்கா, அப்பாவிடம் மே மாதத்துக்கு இப்போதே வேன் பேச வேண்டாம் என்று சொல். அம்மா சேலை எடுத்துவிட்டால் இருக்கட்டும், சேலை எங்கேயும் போகாது.

நீ உட்காரும் நாளில் நான் உன்னை நினைத்துக்கொண்டிருப்பேன்.

இவாஞ்சலின்


ராயப்பன்பட்டி
18 மார்ச் 2024

இயேசுவுக்குப் புகழ்.

என் தங்கமே, எல்லோரும் சுகம். வேனைப் பற்றி அப்பாவிடம் சொன்னேன். ஏன் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்றேன். எனக்குத் தெரிந்ததை நானும் சொல்லவில்லை, நீயும் எழுதவில்லை. அப்படியே இருக்கட்டும். மடத்துச் சாப்பாட்டு அறை பற்றி உன்னைக் கேட்ட என் வாயைத்தான் அடிக்க வேண்டும் என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

பழனிசெட்டிபட்டியில் மாசிக் கல்யாணம். கடைசிப் பந்தியில் எப்போதும் போல டிரைவர்கள், போட்டோக்காரர்கள், மேளக்காரர்கள். எல்லோருக்கும் இலை போட்டோம், தண்ணீர் வைத்தோம், உப்பு, கூட்டு, பொரியல், சோறு, சாம்பார் வரைக்கும் போட்டோம். பசித்தவர்களை வெறும் இலைக்கு முன்னால் உட்காரவைக்கக் கூடாது என்பதில் நாங்கள் எல்லோரும் ஒன்று. அதற்குப் பிறகு வாளிகளைக் கீழே வைத்துவிட்டு, ஆட்களுக்கு நடுவே விட்டுவைத்திருந்த இடங்களில் இலையோடு போய் உட்கார்ந்தோம்.

என் கால்களை நம்ப முடியாது என்று யுவராணிக்குத் தெரியும். அதனால் தான் உட்காருவதற்கு முன் எங்கள் முந்தானை ஊக்குகளைக் கழற்றிவிட்டு, என் முந்தானையையும் விஜி முந்தானையையும், நடுவில் இருந்த மேளக்காரர் நாற்காலிக்குப் பின்னால், சேர்த்து முடிந்துவிட்டாள். அப்படியே ஒருத்தியோடு ஒருத்தியாக வரிசை முழுக்க. மேளக்காரர், "என்னம்மா, எனக்கும் சேத்துத் தாலி கட்டுறீகளா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே பயந்தோம்.

பொன்னுராஜ் அண்ணன் வந்தார். "என்னத்தா இது? எந்திரிங்க" என்றார். யாரும் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு டிரைவர், "ரசம் கொண்டாங்க" என்று குரல் கொடுத்தார். சத்தியமாகச் சொல்கிறேன், என் முழங்கால் நிமிர்ந்துவிட்டது. முந்தானை இழுத்தது. அந்தப் பக்கம் விஜியும் பாதி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தோம்.

டிரைவர் இன்னொரு தடவை கேட்டார். பொன்னுராஜ் அண்ணன் சுற்றிப் பார்த்தார். வாளியைத் தூக்க ஆள் இல்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு தானே தூக்கினார். டிரைவருக்கு ஊற்றினார். அடுத்து யுவராணி இலை. தாண்டினார். அதற்கடுத்து போட்டோக்காரர். அந்தப் பையன் இலையிலிருந்து கையை எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டான். மேளக்காரரும் எடுத்தார். டிரைவர் பிசைந்த சோற்றை அப்படியே விட்டார். கூடத்தில் சத்தமே இல்லை. இந்த அமைதிக்குள் நான் முன்பே ஒருமுறை இருந்திருக்கிறேன் அல்லவா?

பெண்ணின் அப்பா அந்த வழியாக வந்தவர் நின்றுவிட்டார். எங்களைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். "ஏம்ப்பா, வரிசையில எலையத் தாண்டுறது எந்த ஊருப் பழக்கம்? எம் மக கல்யாணத்துல ஒரு எல வாடக் கூடாது. போடுப்பா" என்றார். பொன்னுராஜ் அண்ணன் திரும்பி வந்து யுவராணி இலையில் சோற்றைப் போட்டு ரசம் ஊற்றினார். அப்புறம் விஜிக்கு, எனக்கு, எல்லோருக்கும். என்னிடம் வந்தபோது வாளியை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். பாவமாகக்கூட இருந்தது. வழக்கம் இல்லாதவர்களுக்கு வாளி ரொம்பக் கனக்கும்.

பாயசமும் ஊற்றினார். இவா, அது சுட்டது. இத்தனை வருஷம் நான் ஊர் ஊராக ஊற்றிய பாயசம் சூடாக இருக்கும்போது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. வாயில் வைத்ததும் அழுதுவிட்டேன்.

திரும்பும்போது எங்களுக்கு வேன் இல்லை. பஸ்ஸில் வந்தோம். மறுநாள் முதல் வாசலில் வேன் நிற்கவில்லை. திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறேன். இது எப்படி முடியும் என்று தெரியவில்லை. ஆனாலும் உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, உனக்கும் என்மேல் வேண்டாம்.

அக்கா ஜெசி


பயிற்சி இல்லம்
26 ஏப்ரல் 2024

அன்பு அக்காவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் மகிழ்ச்சி உங்கள் எல்லோரோடும் இருப்பதாக. நான் நலம், மிகவும் நலம். அப்பாவை வேன் பேசச் சொல். ஜூன் முதல் சனிக்கிழமை எனக்கு வார்த்தைப்பாடு. அடுத்த ஞாயிறு நம் ஊரில் நன்றிப் பூசையும் விருந்தும்.

வேலை என்ன ஆயிற்று? வேன் வந்ததா? அதை முதலில் எழுது.

உன்னிடம் இன்னொன்று கேட்க வேண்டும். விருந்துக்கு எந்த கேட்டரிங் என்று அப்பா இன்னும் முடிவு செய்யவில்லை என்று அம்மா எழுதியிருக்கிறாள். ஒருவேளை உங்கள் செட்டே வந்தால், நீ வேலைக்கு வருவாயா, விருந்துக்கு வருவாயா? அம்மா பட்டுச்சேலையோடு காத்திருக்கிறாள். எனக்கும் நீ என் பக்கத்தில் உட்கார வேண்டும் என்று ஆசை. ஆனால் உன் மனசில் இருப்பதைச் சொல்.

கீழே மதர் சில வரிகள் எழுத இடம் விடச் சொன்னார்கள்.

இவாஞ்சலின்

அன்புள்ள ஜெசிக்கு, உங்கள் கடிதங்களை உங்கள் தங்கைக்கு முன்னால் படிப்பவள் நான். அவளுடைய வார்த்தைப்பாட்டைத் தள்ளிவைத்ததும் நான்தான். அடுப்படியில் சாப்பிட்டதற்காக அல்ல, கேட்காமல் செய்ததற்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதைப் பற்றி அவள் உங்களுக்கு ஒரு குறைகூட எழுதவில்லை. உங்கள் மார்ச் மாதக் கடிதத்தை வெகுநாள் என் மேசையில் வைத்திருந்துவிட்டுத்தான் அவளிடம் கொடுத்தேன். ஜக்கம்மா இப்போது எங்களோடு மேசையில் சாப்பிடுகிறார். உங்கள் குடும்பத்துக்கு என் ஜெபங்கள்.


ராயப்பன்பட்டி
14 மே 2024

இயேசுவுக்குப் புகழ்.

அன்பு இவாவுக்கு, எல்லோரும் சுகம். மதருக்கு என் நன்றியைச் சொல். அவர்கள் எழுதிய வரிகளை அப்பா பூசைக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். அதில் என்ன இருக்கிறது என்று முழுதாக அவருக்கு விளங்கவில்லை, மதர் எழுதியது என்பதே போதும். முழங்காலைப் பற்றி இப்போது பேச்சே இல்லை.

வேன் வந்தது. சித்திரைக் கல்யாணங்களுக்குப் பொன்னுராஜ் அண்ணன் கம்பம் செட்டைக் கூப்பிட்டிருக்கிறார். "எங்களுக்கும் எல போட்டா வாரோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். சின்னமனூரில் கேட்டார், அதே பதில். போடியில் யாரைக் கேட்டாலும் அதே பதில். யுவராணி போன் பேசிப் பேசிக் காது வலிக்கிறது என்று சொன்னபோது நாங்கள் கிண்டல் செய்தோம். இரண்டு கல்யாணங்களில் அவரும் சமையல் மாஸ்டர் சுருளியாண்டியும் அவர் மச்சான்மாருமே பரிமாறினார்களாம். ஒருவர் மாப்பிள்ளையின் பெரியப்பா மடியில் மோரை ஊற்றிவிட்டாராம்.

ஒரு காலையில் அவரே வாசலில் வந்து நின்றார். வீட்டுக்குள் வரவில்லை. "பரிமாறி முடிச்ச கையோட ஒங்களுக்கு எல விழுகும். நம்ம ஆளுக போடுவாக. போதுமாத்தா?" என்றார். "போதும்ணே" என்றேன். கொஞ்சம் நின்றுவிட்டு, "பார்சல் கெடையாது" என்று சொல்லிவிட்டுப் போனார். விஜிக்கு அதில் இன்னும் வருத்தம்தான். யுவராணி அதற்கும் ஏதோ யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

நீ கேட்டதற்கு வருகிறேன். உன் விருந்துக்கு எங்கள் செட்டுத்தான். அப்பாவிடம் நானே பேசினேன். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், "ஒரு மக ஆண்டவருக்கு வாக்குக் குடுத்துட்டு வந்து உக்காந்திருக்கா, இன்னொரு மக ஊரு முன்னால வாளியத் தூக்கிட்டு நிக்கிறதா?" என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. என் வேலையைப் பார்த்து அம்மா இத்தனை காலம் வெட்கப்பட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும்.

பட்டுச்சேலையைப் பூசைக்குக் கட்டிக்கொள்கிறேன். பந்திக்குப் பச்சைச் சேலைதான். வேலைக்கும் வருகிறேன், விருந்துக்கும் வருகிறேன், இவா. முதல் பந்தியில் நீ உட்காரு, மதரும் அம்மாவும் உன் பக்கத்தில் உட்காரட்டும். நான் போடுகிறேன். கடைசிப் பந்தியில் நான் உட்காருகிறேன், நீ வந்து எனக்குப் போடு. அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன்.

மலையிலிருந்து இறங்கும்போது தலை சுற்றும், முன் சீட்டில் உட்கார்.

உன் அக்கா
ஜெசி